முந்நூற்று நான்கு பெண் ஓட்டுகள்

செப்டம்பர் 14, வியாழன்

கருவாட்டுப்பேட்டையில் ஒரு மவுத்து. மீன் கழுவும் ஆயிஷம்மாள் இறந்துவிட்டார், அறுபது வயது. ஒன்பது மணிக்குப் போனேன். மய்யித்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை.

குடிநீர்க் குழாய் பெரிய தெருவோடு நின்றுவிடுகிறது. பேட்டைக்கு எட்டு நாளைக்கு ஒருமுறை லாரி. நேற்று வர வேண்டிய லாரி வரவில்லை. பள்ளிவாசல் தொட்டியில் தண்ணீர் இருந்தது. மோட்டார் அறைச் சாவி ஜமாஅத் தலைவர் கலீலுர் ரகுமானிடம். அவர் சென்னையில். போனில் சொன்னார்: "பள்ளிவாசல் சொத்து, வக்ஃபுத் தண்ணி ஹஜ்ரத். இன்னைக்குக் குடுத்தா தெனம் கேப்பாங்க."

ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார், கடல் தண்ணீரில் குளிப்பாட்டலாமா என்று. மார்க்கச் சட்டப்படி கூடும். கூடும் என்று சொல்வதற்குள் ஆயிஷம்மாளின் மகன் குறுக்கிட்டார். "உசுரோட இருந்த வரைக்கும் உப்புத் தண்ணியிலதான் கெடந்துச்சு. இன்னைக்காச்சும் நல்ல தண்ணி ஊத்தணும் ஹஜ்ரத்து."

ஒன்றரை மணிக்கு லாரி வந்தது. அதுவரை ஈக்களை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

செப்டம்பர் 15, வெள்ளி

ஜும்ஆ தொழுகைக்கு முன் செய்யும் பயானில் தண்ணீரைப் பற்றிப் பேசினேன். பெயர் எதுவும் சொல்லவில்லை. தொழுகை முடிந்ததும் தலைவர் அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். சென்னையிலிருந்து காலையில் வந்திருந்தார். அவர்தான் இந்த ஏழாவது வார்டின் கவுன்சிலரும். இரண்டு முறை தொடர்ந்து.

"என்னங்க ஹஜ்ரத், குழாயெல்லாம் எங்க வேலை. நீங்க துஆ செய்யுங்க, போதும்."

"துஆ ஆறு வருசமா செய்றேன். குழாய் வரலையே."

சிரித்தார். அவர் கோபப்பட்டிருந்தால் நான் பேசாமல் வந்திருப்பேன்.

செப்டம்பர் 18, திங்கள்

பேரூராட்சி அலுவலகத்தில் வேட்புமனு கொடுத்தேன். ஏழாவது வார்டு, சுயேச்சை. பெயர்: ஷம்சுல் ஆரிஃபீன். வயது: 31. தொழில்: பேஷ் இமாம். சிம் கார்டு வாங்குவதற்காக எடுத்த வாக்காளர் அட்டை இன்றைக்குத்தான் வேறு வேலைக்குப் பயன்பட்டது.

என்னை முன்மொழிந்தவர் பேட்டை அசன் காக்கா. படகு இன்ஜின் மெக்கானிக். போன தேர்தலில் கலீலுர் ரகுமானை எதிர்த்து நின்று தோற்றவர். "நான் ஒரு தடவை தோத்தாச்சு. நீங்க நில்லுங்க, ஓதுனவருக்கு மதிப்பு இருக்கு" என்றார்.

அதிகாரி மனுவை இரண்டு முறை படித்துவிட்டு, "பள்ளிவாசல்ல வச்சு ஓட்டுக் கேக்கக் கூடாது பாய். கேட்டா மனு போயிரும்" என்றார். கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 19, செவ்வாய்

காலைச் சாப்பாடு வரவில்லை. மதியமும் இல்லை.

செப்டம்பர் 20, புதன்

இமாமுக்கும் மோதினாருக்கும் முறைச் சாப்பாடு. பெரிய தெருவில் முப்பது வீடு, மாதத்தில் ஒரு நாள் ஒரு வீடு. நேற்று ஜவுளிக்கடை வீடு, இன்று தலைவரின் மச்சான் வீடு. இரண்டு நாளும் மோதினார் காட்டுபாவாவுக்கு மட்டும் தூக்கு வந்தது. அவர் பாதியை என் தட்டில் கொட்டினார். அறுபது வயது மனிதர், பாங்கு சொல்வதைத் தவிர அதிகம் பேசமாட்டார். "நீங்க பட்டினி கெடந்தா எனக்கு எறங்காது" என்றார்.

அந்த முப்பது வீட்டுப் பட்டியலில் பேட்டை வீடு ஒன்றுகூட இல்லை. கருவாட்டு வாடை என்பார்கள். ஆறு வருடத்தில் அது ஏன் என்று நானும் கேட்டதில்லை.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஜமாஅத் கமிட்டி கூடியது. இமாமாக இருங்கள், அல்லது கவுன்சிலர் ஆகுங்கள் என்றார்கள். தலைவர் ஜமாஅத்திலும் கவுன்சிலிலும் இருக்கிறாரே என்றேன். ஜவுளிக்கடைக்காரர் சொன்னார்: "அவரு வீட்டுல சாப்புட்டுட்டு இருக்காரு. நீங்க ஊரு சோறு சாப்புடுறீங்க."

நாளை பள்ளிவாசல் அறையைக் காலி செய்ய வேண்டும்.

செப்டம்பர் 21, வியாழன்

பேட்டையில் அசன் காக்காவின் வலைக் கொட்டகையில் இருக்கிறேன். ஒரு பெட்டி, ஒரு பாய், கிதாபுகள் இரண்டு சாக்கு. பயான் குறிப்பு எழுதிய நோட்டுகள் மிம்பர் மேடைக்குப் பின்னால் அலமாரியிலேயே தங்கிவிட்டன. கேட்டால், பூட்டியிருக்கிறது என்றார்கள்.

மதியம் மூன்று வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. யார் என்று சொல்லாமல் சிறு பெண்களிடம் கொடுத்துவிட்டிருந்தார்கள். சாளைக் கருவாட்டுக் குழம்பு. எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 25, திங்கள்

சின்னம் ஒதுக்கினார்கள். மிச்சம் இருந்தவை இரண்டு: தொலைக்காட்சிப் பெட்டி, சீப்பு. தொலைக்காட்சியை வீட்டில் வைக்காதீர்கள் என்று எத்தனை வெள்ளிக்கிழமை பேசியிருக்கிறேன். சீப்பு என்றேன்.

டீக்கடையில் ஒருவன்: "எப்பவும் தொப்பி போட்டிருக்கிறவருக்கு எதுக்கு சீப்பு?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அவனிடமே ஓட்டுக் கேட்டேன்.

செப்டம்பர் 26, செவ்வாய்

அசன் காக்காவோடு பேட்டை முழுவதும் நடந்தேன். ஆண்கள் எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். திரும்பி வந்து வாக்காளர் பட்டியலை விரித்தோம்.

"ஆம்பளை ஓட்டுல பாதிப் பேரு சவூதியில, மலேசியாவுல. இங்க இருக்கிறவன் பூராப் போட்டாலும் பத்தாது" என்றார். "பேட்டையில பொம்பளை ஓட்டு முன்னூத்தி நாலு. போன தடவை எத்தனை விழுந்துச்சு தெரியுமா? ஒம்பது."

"ஏன்?"

அவர் பட்டியலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தெரியாத மாதிரி கேக்குறீங்களே ஹஜ்ரத்து."

தெரியும். ஐந்து வருடத்துக்கு முன்னால், தேர்தலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை நான் ஒரு பயான் செய்தேன். வாக்குச்சாவடியில் அந்நிய ஆண்களோடு ஒரே வரிசையில் பெண்கள் முட்டிக்கொண்டு நிற்பது கூடாது, நிற்பவர்கள் மீது அல்லாஹ்வின் சாபம் இறங்கும் என்று சொன்னேன். நம்பித்தான் சொன்னேன். மார்க்கத்தில் உள்ளதைச் சொல்வது என் வேலை. யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்பது என் வேலை இல்லை.

அசன் காக்கா தோற்றது நாற்பத்து மூன்று ஓட்டில்.

பெரிய தெருப் பெண்களும் அந்தப் பயானைக் கேட்டார்கள். அவர்கள் காரில் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார்கள். என் பேச்சின்படி நடந்தவர்கள் பேட்டைப் பெண்கள் மட்டும்தான். அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்க இந்தத் தெருவுக்குள் வந்த, மார்க்கம் படித்த முதல் ஆலிம் நான்.

செப்டம்பர் 27, புதன்

ஊரிலிருந்து என் மனைவி ஃபர்ஹானா பேசினாள். மகனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. கல்யாணமாகி ஐந்தரை வருடம் ஆகிறது, வருடத்தில் இரண்டு பெருநாளுக்கு மட்டும்தான் வீட்டுக்குப் போகிறேன். பெண்களின் ஓட்டு விஷயத்தை அவளிடம் சொன்னேன்.

"மச்சான், கோவப்படக் கூடாது. போன தேர்தல்ல நான் போட்டேன்."

"எப்ப?"

"நீங்க அங்க பயான் பண்ண வாரம்தான். உம்மாவும் நானும் போனோம். ஆமா, ஆம்பளைங்களோட ஒரே வரிசைன்னு யாரு உங்ககிட்ட சொன்னா? பொம்பளைங்களுக்குத் தனி வரிசைதான். எப்பவுமே அப்படித்தான். நீங்க போய்ப் பாத்ததே இல்லையா?"

பார்த்ததில்லை. பதினோரு வயதில் மதரஸாவில் சேர்த்தார்கள். ஏழு வருட ஓதல், பிறகு ஊர் ஊராக இமாமத். ஒரு தேர்தலிலும் நான் ஓட்டுப் போட்டதில்லை.

"நெட்வொர்க் சரியில்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 28, வியாழன்

நாச்சியா லாத்தா வீட்டுக்குப் போனேன். அசன் காக்காவின் அக்கா, கருவாடு காயப்போடும் பெண்களுக்கு மேஸ்திரி மாதிரி. அவர் சொன்னால் பேட்டையில் எல்லாப் பெண்களும் கேட்பார்கள் என்று காக்கா சொன்னார். கதவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நானும் காக்காவும்.

"லாத்தா, இந்தத் தடவை எல்லாரும் வந்து போடணும்."

"வரிசையில நின்னா சாபம் எறங்கும்னு நீங்கதான மைக்குல சொன்னீங்க. இப்ப எறங்காதா?"

"அன்னைக்கு இருந்த சூழ்நிலை வேற."

"யாரு சூழ்நிலை ஹஜ்ரத்து?"

உள்ளே நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம். தனி வரிசை உண்டு என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால், இது உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்பார்கள். நான் சொல்லவில்லை.

செப்டம்பர் 29, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பள்ளிக்குப் போனேன். என்னைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

வெளியூரிலிருந்து ஒரு இளம் மௌலவியைக் கொண்டுவந்திருந்தார்கள். மிம்பரில் ஏறி, பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்றை விரித்தார். என் நோட்டு. ஐந்து வருடத்துக்கு முன் நான் பேசிய அதே பயான். என் கையெழுத்து சரியாகப் புரியாமல் சில இடங்களில் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். நான் சேர்த்திருந்த உதாரணங்கள், குரலை எங்கே தாழ்த்த வேண்டும் என்று ஓரத்தில் போட்ட கோடுகள், எல்லாம் அப்படியே வந்தன. கூம்பு ஒலிபெருக்கியைப் பேட்டைப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள்.

முதல் வரிசையில் கலீலுர் ரகுமான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். எதிர்த்துப் பேச ஒரு ஓட்டை இல்லை.

வெளியே வரும்போது தலைவர் என் தோளில் கை போட்டார். "உங்க சரக்குதான் ஹஜ்ரத். வேற யாராலயும் இப்படி எழுத முடியாது."

செப்டம்பர் 30, சனி

நான்கு நாட்களுக்கு முன்னால் நம்பித்தான் சொன்னேன் என்று எழுதியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். பள்ளிவாசல் அறையில் மனைவியை வைத்துக்கொள்ள முடியாது. ஜமாஅத்துக்குச் சொந்தமாகப் பின் சந்தில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. அதைக் கேட்டு மூன்று மனு கொடுத்திருந்தேன். ஒரு திங்கட்கிழமை தலைவர் கூப்பிட்டார். டீ வரவழைத்தார். அதுவரை என்னை அவர் உட்காரச் சொன்னதில்லை.

"அந்த வீட்டைச் சுத்தம் பண்ணச் சொல்லிட்டேன் ஹஜ்ரத். தங்கச்சியைக் கூட்டிட்டு வந்துருங்க" என்றார். டீயைக் குடித்து முடித்தபோது இன்னொன்றும் சொன்னார். "வர்ற வெள்ளி என்ன பேசப் போறீங்க? பொம்பளையள் ஓட்டுப் போட வரிசையில நின்னு இடிபடுறதைப் பத்தி யாருமே பேச மாட்டேங்கிறாங்க. உங்களை மாதிரி பேணுதலான ஆளுதான் பேசணும்."

அவ்வளவுதான். பேட்டை என்று அவர் சொல்லவில்லை. அசன் என்று சொல்லவில்லை. ஆனால் எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று இத்தனை வருடமாக என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரத்தில் ஆதாரங்களை எடுத்துவிட்டேன். கிதாபுகளில் பெண்கள் வெளியே போவதற்கான அனுமதியும் இருந்தது. அந்தப் பக்கங்களைப் படிக்காமல் புரட்டித் தள்ளிவிட்டேன்.

வீடு கிடைக்கவில்லை. தேர்தல் முடிந்ததும் அதைக் குளிர்பானக் கம்பெனிக்குக் கிடங்காக விட்டார்கள்.

நாளை பேட்டையில் போய்ச் சொல்லப் போகிறேன். தேர்தல் முடிந்த பிறகு சொன்னால் என்ன என்று காலையிலிருந்து யோசித்தேன். முடிந்த பிறகு சொல்வதில் அவர்களுக்கு ஒரு பயனும் இல்லை. அது எனக்கு மட்டும்தான் வசதி.

அக்டோபர் 1, ஞாயிறு

பகல் பதினொரு மணிக்குக் கருவாட்டுக் களத்துக்குப் போனேன். எழுபது எண்பது பெண்கள். மீனை வயிறு கீறி, உப்புத் தடவி, பாயில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சிலர் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்தார்கள். சிலருக்குக் கையில் உப்பு, மறைக்க முடியவில்லை. நான் கடலைப் பார்த்து நின்றுகொண்டு பேசினேன்.

"அன்னைக்கு நான் சொன்னதுல ரெண்டு தப்பு. ஒண்ணு, நான் வாக்குச்சாவடியை என் கண்ணால பாத்ததே இல்லை. பொம்பளையளுக்குத் தனி வரிசை இருக்குன்னே எனக்குத் தெரியாது. பாக்காததைப் பாத்த மாதிரி பேசினேன். ரெண்டாவது, அந்தப் பயானை நானா எடுக்கலை. தலைவர் எடுக்கச் சொன்னார். எனக்கு வீடு தர்றதாச் சொன்னார். அதுக்காக எடுத்தேன்."

கத்தி கீறும் சத்தம் நின்றது. காகங்கள் பாய்க்கு வந்துவிட்டன, யாரும் விரட்டவில்லை.

நாச்சியா லாத்தாவின் குரல். "வீடு குடுத்தாரா?"

"இல்லை."

"அப்ப ஓசியிலயே எங்களை வித்துட்டீங்களா?"

சிரிப்பு எழும் என்று நினைத்தேன். எழவில்லை.

அசன் காக்கா கையிலிருந்த சீப்புச் சின்ன நோட்டீஸ் கட்டை ஒரு கூடை மேல் வைத்தார். "நாப்பத்தி மூணு ஓட்டு ஹஜ்ரத்து. என் பொஞ்சாதி போடலை. கூடப் பொறந்த அக்கா போடலை. ஹஜ்ரத்து சொல்லிட்டாகன்னு நானே அவுகளைக் கூப்புடலை." படகுத் துறைப் பக்கம் நடந்தார்.

நான் முடித்தாக வேண்டும். "எனக்குப் போடுங்கன்னு இப்ப கேக்கலை. யாருக்குன்னாலும் போடுங்க. போகாம மட்டும் இருக்காதீங்க. கூடாதுன்னு சொன்ன வாயாலயே கூடும்னு சொல்ல வந்தேன்."

"கூடாதுங்கிறதுக்கும் நீங்க, கூடும்ங்கிறதுக்கும் நீங்களா?" என்றார் நாச்சியா லாத்தா. பிறகு மற்றவர்களிடம், "ஏன்டி, காக்கா கொத்துது, பாத்துக்கிட்டு நிக்கிறீங்க" என்றார். கத்திச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

அக்டோபர் 2, திங்கள்

பேட்டையிலிருந்தும் சாப்பாடு வரவில்லை. அடுப்புக் கூட்டிக் கஞ்சி வைத்தேன். அடி பிடித்துவிட்டது. கொட்டகையைக் காலி செய்யச் சொல்லி அசன் காக்கா ஆள் அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அனுப்பவில்லை. அவரும் வரவில்லை.

அக்டோபர் 3, செவ்வாய்

தனியாகப் போய் ஓட்டுக் கேட்டேன். பெரிய தெருவிலும் கேட்டேன். ஜவுளிக்கடைக்காரர், "ஒங்க வாயாலயே ஒத்துக்கிட்டீங்களாமே, பாவம்" என்றார். ஆமாம் என்றேன். "ஓட்டு உண்டா இல்லையா, அதைச் சொல்லுங்க." கடைக்குள் போய்விட்டார். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அக்டோபர் 4, புதன்

தலைவரின் ஆள் வந்தார். வாபஸ் வாங்கும் தேதி முடிந்துவிட்டது, ஆனாலும் ஒதுங்கிக்கொள்வதாக ஒரு நோட்டீஸ் போட்டால் இமாமத்தும் பின் சந்து வீடும் தருவார்களாம். குளிர்பானக் கம்பெனி காலி செய்துவிட்டதாம்.

அந்த வீட்டில் என் மகன் ஓடுவதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தேன். பிறகு முடியாது என்றேன்.

அக்டோபர் 5, வியாழன்

பிரச்சாரம் முடிந்தது. தொண்டை கட்டிவிட்டது. மாற்றியெழுத இனி எதுவும் இல்லை.

அக்டோபர் 7, சனி

வாக்குப்பதிவு. நடுநிலைப் பள்ளியில் சாவடி. முதலில் நான் ஓட்டுப் போட்டேன். விரலில் மை வைத்த அம்மா, "தேய்க்காதீங்க" என்றார். ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. நடுவில் கயிறு. அந்தக் கயிற்றை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்து மணி வரை பேட்டையிலிருந்து ஒரு பெண்கூட வரவில்லை. பெரிய தெருக் கார்கள் வந்து வந்து போயின. பதினொன்றரைக்குத் தெருமுனையில் கருப்பாகத் தெரிந்தது. களத்து வேலையை முடித்துவிட்டுக் குளித்து, புர்கா போட்டுக்கொண்டு கூட்டமாக வந்தார்கள். நாச்சியா லாத்தா முன்னால். கயிற்றுக்கு அந்தப் பக்கம் வரிசை கேட் வரைக்கும் நீண்டது.

உள்ளே ஒரு தகராறு. விரலில் மை வைக்கும் அம்மா சாப்பிடப் போயிருந்தார். ஆண் அதிகாரி அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, முகத்திரையைத் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த அம்மா வரும் வரை காத்திருக்க வேண்டும் என்றார். வெயிலில் நின்ற வரிசை கசகசத்தது. கலீலுர் ரகுமானின் ஏஜென்ட் சத்தமாகச் சொன்னான்: "ஹஜ்ரத்து இங்கதான நிக்கிறாரு. கூடுமா கூடாதான்னு அவர்கிட்டயே கேளுங்க."

வேட்பாளர் என்பதால் நான் வாசலில் இருந்தேன். ஒரு பெண் திரும்பி என்னைப் பார்ப்பது தெரிந்தது. அவசியம் ஏற்பட்டால் முகத்தைக் காட்ட மார்க்கச் சட்டத்தில் இடம் உண்டு. எந்தக் கிதாப், எந்தப் பாடம் என்பதுகூட நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தேன்.

அதற்குள் நாச்சியா லாத்தா திரையைத் தூக்கி மேலே போட்டுவிட்டார். "லாரிக்காரன், ஏலக்காரன், ஐஸ் கம்பெனிக்காரன் எல்லாம் தெனம் பாக்குற மொகம்தான். சர்க்காரும் பாத்துக்கட்டும். பேரு செய்யது நாச்சியா. வரிசை நம்பர் நூத்திப் பதினெட்டு."

பின்னால் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். சிலர் காத்திருந்தார்கள். அவர்களையும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன். பெண்கள் முகத்தை மூட வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஒரு பெண்ணும் வரிசையை விட்டுப் போகவில்லை.

அக்டோபர் 10, செவ்வாய்

எண்ணி முடித்தார்கள். கலீலுர் ரகுமான் 371. நான் 388. பதினேழு ஓட்டு வித்தியாசம்.

பேட்டையில் வாக்களித்த பெண்கள் இருநூற்று ஐம்பத்தொன்று. கணக்குப் பார்த்தால் அவர்களில் நிறையப் பேர் எனக்குப் போடவில்லை.

அசன் காக்கா எண்ணும் இடத்துக்கு வந்திருந்தார். மாலை போடவில்லை. "பெரிய தெருவுல குழாய் நிக்கிற எடத்துலருந்து பேட்டைக்கு எத்தனை மீட்டர்னு அளந்து வச்சிருக்கேன், நானூத்தி இருவது" என்று ஒரு துண்டுத் தாளைக் கொடுத்தார். போன தேர்தலுக்காக அளந்தது. தாள் மடிப்பில் கிழிந்திருந்தது.

மாலையில் களத்துக்குப் போனேன். நாச்சியா லாத்தா பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். முகத்தை மூடவில்லை. நான் தரையைப் பார்த்து நன்றி சொன்னேன்.

"எனக்குச் சொல்லாதீங்க ஹஜ்ரத்து. நான் உங்களுக்குப் போடலை."

"தலைவருக்கா?"

"அது எதுக்கு உங்களுக்கு. திரைக்குப் பின்னாடி போட்டது." ஒரு பாயைச் சுருட்டித் தோளில் ஏற்றினார். "என் தம்பியைத் தோக்கடிச்சவருக்கு என் கை போகலை. எம் மருமகள் போட்டா. அவ புள்ளைக்கு ஓதிக்குடுக்குறீங்கன்னு போட்டா. குழாய் வரட்டும், அடுத்த தடவை பாக்கலாம்."

"முதல் கூட்டம் திங்கட்கிழமை லாத்தா. அதுலயே தீர்மானம் கொடுக்குறேன்."

"குடுங்க. நாங்க இருவது பேரு வந்து வெளியே நிக்கிறோம். நீங்க உள்ள பேசுறது எங்களுக்குக் கேக்கணும். மைக்குல பேசிப் பழக்கம்தான."

திங்கட்கிழமை பத்தரை மணிக்குக் கூட்டம். தீர்மானத்தை இப்போதே எழுதப் போகிறேன். நானூற்று இருபது மீட்டர், கருவாட்டுப்பேட்டை. நாச்சியா லாத்தாவின் ஓட்டுக்கு ஐந்து வருடம் இருக்கிறது.